குழந்தைகளின் டிபிஎஸ் அறுவைக்கு நரம்புக் கண்காணிப்பு சேவை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை வெட்டலாம்

மூளைக்குள் மெல்லிய மின்கம்பியை (லீடு) பொருத்தி மின்துடிப்பு கொடுக்கும் ஆழ்தூண்டல் அறுவைக்கு, அதாவது டிபிஎஸ்ஸுக்கு, நரம்புக் கண்காணிப்புக் குழுவை வெளியிலிருந்து வரவழைக்கும் மருத்துவமனைகளுக்கு வரும் விலைப்பட்டியல் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். மைக்ரோ எலெக்ட்ரோடு பதிவு (மூளை அணுக்களின் துடிப்பை நுண் முனையால் கேட்பது), தசை இஎம்ஜி (தசையின் மின்பதிவு), எஸ்எஸ்இபி (நரம்பைத் தூண்டி மூளையின் உணர்ச்சிப் பதிலைப் பதிவது), எம்இபி (மூளையைத் தூண்டித் தசையின் பதிலைப் பதிவது), ஃபிளாஷ் விஇபி (கண்ணில் ஒளி பாய்ச்சி மூளையின் பதிலைப் பதிவது), லீடு இம்பீடன்ஸ் (மின்தடை) சோதனை எல்லாவற்றையும் கட்டி ஒரே தொகை போட்டிருப்பார்கள். அறுபது வயது பார்க்கின்சன் நோயாளிக்குத் தயாரித்த அந்தப் பட்டியலே டிஸ்டோனியா (தசைகள் தானாக இறுகி முறுக்கும் நோய்) உள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கும் வரும். அதைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொருத்தப்போகும் லீடு வழியாகவே தூண்டி, இன்டர்னல் கேப்ஸ்யூல் (மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைக் கட்டு) எந்த அளவு கரண்டில் பதில் சொல்கிறது என்று இஎம்ஜியில் அளப்பதுதான் இந்தச் சேவையின் உயிர். மைக்ரோ எலெக்ட்ரோடு பதிவு அதன் விலைக்கு ஏற்ற பலனைக் குழந்தைகளில் தருவதில்லை. லீடு போகும் இலக்கு தாலமஸ் (மூளை நடுவே உணர்ச்சிச் செய்திகள் வந்து சேரும் பகுதி) என்றால் எஸ்எஸ்இபி அருமை, டிஸ்டோனியாவில் வழக்கமான இலக்கான ஜிபிஐ (அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழமான கரு) என்றால் வெறும் துணை. ஃபிளாஷ் விஇபியை வெட்டிவிடலாம்.

குழந்தைகளுக்குக் கணக்கு ஏன் மாறுகிறது? பெரியவரை விழிக்க வைத்து, நடுக்கம் நிற்கிறதா, விரல் தளர்கிறதா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம். உடம்பை முறுக்கும் டிஸ்டோனியா உள்ள குழந்தையை, தலையை அசையாமல் பிடிக்கும் ஃபிரேமில் மாட்டி விழிக்க வைக்க முடியாது. விழிக்க வைத்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் ஜிபிஐ தூண்டல் டிஸ்டோனியாவைத் தளர்த்த வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே நன்மையை மேசையில் அளக்க வழியே இல்லை, தீமையை மட்டும்தான் அளக்கலாம். கண்காணிப்பு என்பது இங்கே லீடு தவறான இடத்தில் இல்லை என்று உறுதி செய்யும் வேலை. 2000-இல் லான்செட் இதழில் வெளியான மொன்பெலியே குழுவின் டிஒய்டி1 (மரபணுக் கோளாறால் வரும் ஒரு வகை) டிஸ்டோனியா அறுவைகள் முழு மயக்கத்தில், எம்ஆர்ஐ படத்தை நம்பியே செய்யப்பட்டவை. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2003-இல் டிஸ்டோனியாவுக்கு மனிதாபிமான விலக்கின் (அரிய நோய்க் கருவிகளுக்கான தளர்ந்த அனுமதி) பேரில் டிபிஎஸ்ஸை அனுமதித்தபோது வயது வரம்பை 7-லிருந்து தொடங்கியது. அதற்கும் கீழே போகிறவர்கள் கூடுதல் கவனத்தோடுதான் போக வேண்டும்.

கேப்ஸ்யூல் இஎம்ஜி: 5-க்கு 4.5

ஜிபிஐயின் உட்புறத்திலும் பின்புறத்திலும் இன்டர்னல் கேப்ஸ்யூல் ஒட்டியபடி இருக்கிறது. முகம், நாக்கு, கை, காலுக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகள் அதற்குள் ஓடுகின்றன. லீடு 2 மி.மீ. உள்ளே தள்ளிப் போய்விட்டால், பின்னாளில் புரோகிராம் செய்யும்போது டிஸ்டோனியா தளர்வதற்கு முன்பே வாய்க் கோடி இழுக்கும், பேச்சு குழறும், கட்டைவிரல் மடங்கும். அப்போது லீடைத் திரும்ப நகர்த்துவதென்றால் இன்னொரு அறுவை.

எட்டு சேனல் போதும். லீடு போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஆறு: உதட்டைச் சுற்றிய தசை, தாடைத் தசை அல்லது நாக்கு, முன்கை நீட்டுத்தசை, கட்டைவிரல் மேட்டுத் தசை, முன்கால் தசை, பாதத்தின் உள்விளிம்புத் தசை. அதே பக்கத்தில் இரண்டு: உதடு, கட்டைவிரல் மேடு. இந்த இரண்டை வேண்டாம் என்று சொல்லும் டெக்னீஷியனிடம் எச்சரிக்கையாக இருங்கள். தூண்டலின்போது இரு பக்கமும் சேர்ந்து துடித்தால், பெரும்பாலும் குழந்தை தானாக அசைகிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மட்டும் துடித்தால்தான் கேப்ஸ்யூல் பேசுகிறது. 13 மி.மீ. ஊசி எலெக்ட்ரோடு பெரும்பாலான இடங்களுக்குச் சரி. சின்னக் கைக்கு 7 மி.மீ. கேட்டு வாங்கவும். ஜோடிக்கு நடுவே பெரியவரில் வைக்கும் இடைவெளியை அப்படியே வைத்தால், குழந்தையின் உள்ளங்கையில் ஒரு ஊசி தசையை விட்டு வெளியே போய்விடும்.

ஊசிகள் அனைத்தும் துணி போர்த்துவதற்கு முன்பே ஏற வேண்டும். ஒயரை ஒரு சுற்று வளைத்து, வளைவின் மேல் பிளாஸ்டர் ஒட்டாவிட்டால் டிஸ்டோனியாப் பிள்ளை மயக்கம் லேசாகும்போது முறுக்குகிற முறுக்கில் ஊசி பிடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் துணிக்கடியில் கைவிட்டுத் தேட முடியாது, குத்துப்பட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

லீடு இறங்கியதும் தூண்டல். இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல குழுவும் சுமாரான குழுவும் பிரிகின்றன. சுமாரான குழு 60 மைக்ரோசெகண்ட், 130 ஹெர்ட்ஸ் வைத்து கரண்டைக் கூட்டிக்கொண்டே போய், "ஒன்றும் அசையவில்லை" என்று 5 மில்லிஆம்பியரில் நிறுத்திவிடும். 130 ஹெர்ட்ஸில் தூண்டல் சத்தம் 7.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரையை நிரப்புகிறது; தடித்த பட்டையாகத் தெரியும் அந்தச் சத்தத்துக்குள் சின்ன இஎம்ஜி புதைந்துபோகும். துணிக்கு மேல் கண்ணால் பார்க்கும் அசைவு இஎம்ஜியை விட வெகு தாமதமாகத்தான் வரும்.

நல்ல குழு இரண்டையும் செய்யும். முதலில் சிகிச்சையில் பயன்படப்போகும் 60 மைக்ரோசெகண்ட், 130 ஹெர்ட்ஸை அரை மில்லிஆம்பியர் படிகளில், படிக்கு 5 முதல் 10 விநாடி. பிறகு நான்கு அல்லது ஐந்து துடிப்பு கொண்ட சிறு தொடர், துடிப்புக்கு நடுவே 3 அல்லது 4 மில்லிசெகண்ட், விநாடிக்கு ஒன்றிரண்டு தொடர். மயக்கத்தில் இருக்கும் முதுகுத்தண்டு இயக்க நரம்பணு ஒற்றைத் துடிப்புக்கு எழுந்திருக்காது; அடுத்தடுத்து வரும் துடிப்புகள் குவிந்தால்தான் சுடும். தொடர் ஏன் தேவை என்பதற்கு இதுதான் காரணம். திரையை 100 மில்லிசெகண்டுக்கு வைத்துக்கொண்டால் முகத்தின் பதில் சுமார் 10 மில்லிசெகண்ட் அருகிலும், கையினுடையது உயரத்தைப் பொறுத்து 16 முதல் 22 மில்லிசெகண்டுக்குள்ளும் எழும். காலினுடையது இன்னும் பின்னால். ஒவ்வொரு தொடருக்கும் அதே இடத்தில் வந்தால், கரண்டைக் கூட்டினால் உயர்ந்தால், குறைத்தால் மறைந்தால் அது உண்மையான பதில். இடம் மாறி மாறி வந்தால் அது குழந்தையின் சொந்தத் துடிப்பு. ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை என்று த்ரெஷோல்டை (பதில் எழத் தொடங்கும் கரண்ட் அளவை) இரண்டு வாட்டி எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு கணக்கு பலருக்கும் தவறிப்போகிறது. மூளைக்கட்டி அறுவையில் பழகியவர்கள் 500 மைக்ரோசெகண்ட் அகலமுள்ள துடிப்பையே லீடுக்கும் போட்டுவிடுவார்கள். மெட்ரானிக் 3387, 3389 லீடுகளின் ஒரு கான்டாக்ட் (கரண்ட் வெளிவரும் உலோக வளையம்) பரப்பு ஏறக்குறைய 0.06 ச.செ.மீ. தயாரிப்பாளர் வைத்திருக்கும் எச்சரிக்கை வரம்பு ஒரு துடிப்புக்கு, சதுர செ.மீட்டருக்கு 30 மைக்ரோகூலம். 60 மைக்ரோசெகண்டில் 5 மில்லிஆம்பியர் கொடுத்தால் சதுர செ.மீட்டருக்கு 5 மைக்ரோகூலம்தான். 500 மைக்ரோசெகண்டில் அதே 5 மில்லிஆம்பியர் 40-ஐத் தாண்டிவிடும். அந்த அகலத்தில் 3.6 மில்லிஆம்பியரோடு வரம்பு முடிகிறது. சென்ஸைட் போன்ற, கரண்டை ஒரு பக்கமாகத் திருப்பும் திசை லீடுகளில் வளையம் மூன்று துண்டாகப் பிளந்திருப்பதால் ஒரு துண்டின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அங்கே மூன்று துண்டையும் இணைத்து முழு வளையமாகத் தூண்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. "1 மில்லிஆம்பியர் என்றால் 1 மி.மீ. தூரம்" என்ற கட்டி அறுவை விதியையும் இங்கே கொண்டுவரக் கூடாது, அந்த எண் வேறு முனைக்கும் வேறு துடிப்பு அகலத்துக்கும் பிறந்தது.

தூண்டும் கருவி மோனோபோலாரா (நேர்முனை தொலைவில்), பைபோலாரா (நேர்முனை பக்கத்திலேயே) என்பதையும் கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு பெரும்பாலும் பேட்டரிப் பெட்டியை நேர்முனையாக வைத்துத்தான் சிகிச்சை தொடங்கும். மேசையில் பக்கத்துக் கான்டாக்டை நேர்முனையாக வைத்து பைபோலாரில் சோதித்தால் கரண்ட் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும், த்ரெஷோல்டு பொய்யாக உயர்ந்து காட்டும். தோளில் ஒரு மேற்பரப்பு எலெக்ட்ரோடை நேர்முனையாக ஒட்டினால் சோதனை சிகிச்சைக்கு நெருக்கமாகிறது. தூண்டி மாறாக் கரண்ட் முறையில் இயங்க வேண்டும். வோல்டேஜ் முறைப் பெட்டி கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பதில் கிடைத்த எண்ணை எப்படிப் படிப்பது? சிகிச்சைக்கு உத்தேசித்த கான்டாக்டில் 60 மைக்ரோசெகண்ட், 130 ஹெர்ட்ஸில் 2 மில்லிஆம்பியரிலேயே உதடு இழுத்தால் லீடு கேப்ஸ்யூலை உரசிக்கொண்டிருக்கிறது. வெளிப்புறமாகவோ முன்புறமாகவோ 2 மி.மீ. நகர்த்துவதைப் பேச வேண்டிய நேரம். 5-க்கு மேலும் அமைதி என்றால் நிம்மதி, ஆனால் முழு நிம்மதி இல்லை. மயக்கம் த்ரெஷோல்டை உயர்த்தியே காட்டும். விழித்தபின் எண் இறங்கும். எல்லாக் கான்டாக்டிலும் 6 வரை ஒன்றுமே வராவிட்டால், "இடம் பிரமாதம்" என்று சொல்வதற்கு முன் ஒயர் சரியான கான்டாக்டில் மாட்டியிருக்கிறதா, இம்பீடன்ஸ் ஓப்பன் (மின்சுற்று அறுந்திருக்கிறது) என்று காட்டுகிறதா, தசைத் தளர்த்தி இன்னும் உடம்பில் இருக்கிறதா, லீடு வெளிப்புறமாக விலகி எதையும் தொடாத இடத்தில் இருக்கிறதா என்று நான்கையும் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னது அடிக்கடி மறக்கப்படுகிறது. பதிலே இல்லாததும் ஒரு தவறான இடத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், இந்தச் சோதனை ஜிபிஐயின் உள்விளிம்பை மட்டும்தான் காட்டும். ஆழம் சரியா, முன்பின் சரியா என்பதற்கு எம்ஆர்ஐயும் அரங்கிலேயே எடுக்கும் சிடி ஸ்கேனும் வேண்டும்.

மயக்க மருந்து ஒத்துழைக்காவிட்டால் எந்தச் சேவையும் வீண்

கையில் ஊசி போட அழும் குழந்தைக்கு மாஸ்க் வைத்து செவோஃப்ளூரேன் என்னும் மயக்க வாயுவை (காஸ்) கொடுத்துத் தொடங்குவது வழக்கம். தவறில்லை. ஆனால் லைன் போட்டதும் அதை நிறுத்தி, நரம்பு வழி ஏற்றும் மருந்துகளான புரோபோஃபால், ரெமிஃபென்டானிலுக்கு மாறி, காஸ் முழுதாக வெளியேற 20 முதல் 30 நிமிடம் விட்டுத்தான் அடிப்படைப் பதிவை எடுக்க வேண்டும். அதற்குமுன் எடுத்த அடிப்படை எல்லாம் குப்பை. பிறகு வரும் "முன்னேற்றம்" காஸ் வெளியேறிய கதைதான். குழந்தையின் இயக்கப் பாதை இன்னும் முழுதாக முதிரவில்லை என்பதால் பெரியவரை விடக் குறைந்த அளவு காஸே பதிலை அடக்கிவிடும்.

டியூப் போடுவதற்கு ரோகுரோனியம் என்னும் தசைத் தளர்த்தி கொடுத்திருந்தால், தூண்டலுக்கு முன் டிரெயின்-ஆஃப்-ஃபோரில் (நரம்பை நான்கு முறை தூண்டித் தசைத் துடிப்பைப் பார்க்கும் சோதனை) நான்குக்கு நான்கும் சம உயரத்தில் வர வேண்டும். நான்காவது குட்டையாக இருந்தால் காத்திருங்கள் அல்லது அதை முறிக்கும் சுகாமடெக்ஸ் கேளுங்கள். மைட்டோகாண்டிரியக் கோளாறு சந்தேகம் உள்ள குழந்தையில் நீண்டநேர புரோபோஃபால் ஆபத்து என்பதால் திட்டமே மாறும். சேவைக் குழுவுக்கு அது முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டும், காலையில் தியேட்டர் வாசலில் அல்ல. பாக்லோஃபென் பம்ப் (தசை இறுக்கம் குறைக்கும் மருந்தை முதுகுத்தண்டு நீரில் விடும் கருவி) உள்ள பிள்ளைக்கும் அப்படியே. முதுகுத்தண்டு மட்டத்திலேயே அடக்கம் இருக்கும், த்ரெஷோல்டு ஏறியே நிற்கும்.

இரைச்சல் பற்றி ஒரு பத்தி. நம் நாட்டில் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். சூடான காற்று ஊதும் போர்வை, மேசை மோட்டார், இன்ஃப்யூஷன் பம்ப், சி-ஆர்ம் (அரங்கு எக்ஸ்ரே கருவி) எல்லாம் சேர்ந்து திரையைக் கெடுக்கும். நாட்ச் ஃபில்டரைப் (50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டு மறைக்கும் டெக்னீஷியனைத் தடுத்துவிடுங்கள். தூண்டல் சத்தம் அந்த ஃபில்டருக்குள் போய் அதிர்ந்து, அழகான அலை மாதிரியே ஒரு பொய் பதிலை வரைந்துவிடும். சரியான வழி, ஒவ்வொரு கருவியையும் பிளக்கோடு எடுத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது. எலெக்ட்ரோடு இம்பீடன்ஸ் 5 கிலோஓமுக்குக் கீழே, ஜோடிக்குள் சமமாக இருந்தால் பாதிப் பிரச்சினை எழாது.

மைக்ரோ எலெக்ட்ரோடு பதிவு: 5-க்கு 2.5

விற்பனைப் பேச்சில் இதற்குத்தான் முதல் இடம். பென்கன் என்னும் ஐந்து துளைத் தாங்கியில் நடுவிலும் 2 மி.மீ. தள்ளி நாலு பக்கத்திலும் நுண் முனைகள், ஸ்பீக்கரில் நரம்பணுக்களின் படபடப்பு. அரங்கில் இருப்பவர்களை மயக்கும் காட்சிதான். விழித்திருக்கும் பார்க்கின்சன் நோயாளியின் ஜிபிஐ வேகமாகவும் விடாமலும் சுடும், அதைக் காதால் அடையாளம் காண்பது எளிது. டிஸ்டோனியாவில் அதே அணுக்கள் மெதுவாக, ஒழுங்கில்லாமல், வெடித்து வெடித்துச் சுடுகின்றன. அதன் மேல் புரோபோஃபாலும் இறங்கினால் ஒட்டியிருக்கும் வெளிப்புறக் கருவான ஜிபிஇ எங்கே முடிகிறது, ஜிபிஐ எங்கே தொடங்குகிறது என்பது அனுபவசாலிக்கே ஊகமாகிவிடும். நடுவே உள்ள தகட்டில் 20 முதல் 40 ஹெர்ட்ஸில் கடிகாரம் போல் ஒழுங்காகத் துடிக்கும் எல்லை அணுக்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவை மயக்கத்தில் அடங்கிவிடுவதும் உண்டு.

பதிவு தெளிவாக வர மயக்கத்தை லேசாக்கச் சொல்வார்கள். குழந்தை ஃபிரேம் ஊசிகளில் மாட்டியிருக்கிறது, மண்டையோடு மெல்லியது, டிஸ்டோனியா மயக்கம் குறைந்ததும் திரும்புகிறது. ஒரு முறுக்கு வந்தால் எலெக்ட்ரோடு உள்ளே இருக்கும்போதே தலை இழுபடும். தடம் கூடக்கூட ரத்தக்கசிவு ஆபத்தும் நேரமும் கூடுகின்றன, மூளைநீர் வடிந்து இலக்கே நகர்கிறது. 3 டெஸ்லா எம்ஆர்ஐயில் ஜிபிஐ எல்லை கண்ணுக்குத் தெரியும்போது ஐந்து முனையும் இறக்குவதற்கு நியாயம் இல்லை. ஒற்றைத் தடம், அதுவும் பிகேஏஎன் என்னும் மரபணு நோய் மாதிரி ஜிபிஐயே இரும்பு படிந்து படத்தில் குழம்பித் தெரியும் நோயில், வைத்துக்கொள்ளலாம். நுகர்பொருளில் விலை அதிகம் இந்த முனைகளுக்குத்தான். ஒரு தடவைப் பயன்பாட்டுக்கானதை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்து கொண்டுவருகிறார்களா என்று உறையை நீங்களே பிரித்துப் பாருங்கள். தேய்ந்த முனையின் இம்பீடன்ஸ் இறங்கிக் கிடக்கும், தனி அணு கேட்காமல் மொத்த இரைச்சல்தான் கேட்கும்.

எஸ்எஸ்இபி: இலக்கைப் பொறுத்து 2 அல்லது 4

ஜிபிஐ அறுவையின்போது மணிக்கட்டு மீடியன் நரம்பைத் தூண்டி உச்சந்தலையில் பதிவதால் கிடைப்பது பொதுவான பாதுகாப்பு மட்டுமே. கையின் நிலை கெட்டு நரம்பு அழுந்தினால் தெரியும், பெரிய ரத்தக்கசிவு வந்தால் தெரியும். லீடு இடம் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் அறுவைக்கு முந்திய எஸ்எஸ்இபி வேறு விஷயம். லண்டன் எவெலினா குழந்தைகள் மருத்துவமனைக் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே எஸ்எஸ்இபி கெட்டிருந்த குழந்தைகளுக்கு ஜிபிஐ தூண்டலின் பலன் குறைவாக இருந்தது. பெருமூளைவாதப் பிள்ளையின் பெற்றோரிடம் எதிர்பார்ப்பைப் பேசுவதற்கு அந்தத் தாள் தியேட்டர் பதிவை விட உபயோகம்.

இலக்கு தாலமஸ் என்றால் கதை மாறும். லெனாக்ஸ்-காஸ்டோ என்னும் கடுமையான குழந்தை வலிப்புக்குத் தாலமஸின் சென்ட்ரோமீடியன் கருவுக்குப் போகும்போதோ, விஐஎம் என்னும் தாலமஸின் இயக்கக்கரு பக்கம் போகும்போதோ, உணர்ச்சிக்கரு பக்கத்திலேயே இருக்கிறது. அப்போது லீடின் கான்டாக்டுகளையே பதிவு எலெக்ட்ரோடாக மாற்றி, மணிக்கட்டை 4.7 ஹெர்ட்ஸ் மாதிரி 50-ஐ முழுதாக வகுக்காத வேகத்தில் தூண்டி, 200, 300 அலைகளைச் சராசரி எடுத்தால், எந்தக் கான்டாக்டில் பதில் பெரிதாகவும் முந்தியும் வருகிறது, எங்கே தலைகீழாகிறது என்பது தெரியும். பெரிதாக வந்தால் உணர்ச்சிக்கருவுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள், பின்னால் கரண்டைக் கூட்டினால் கை மரத்துப்போகும். கலிபோர்னியாவில் டெரன்ஸ் சாங்கர் குழு இந்த யோசனையை இன்னும் நீட்டி, குழந்தைகளுக்குத் தற்காலிக ஆழ எலெக்ட்ரோடுகளைப் பல இலக்குகளில் வைத்து, விழித்த நிலையில் வார்டில் நாள்கணக்காகத் தூண்டியும் பதிந்தும் பார்த்துப் பிறகு நிரந்தர லீடின் இடத்தை முடிவு செய்கிறது. மயக்கத்தின் சிக்கல் எல்லாம் அங்கே ஒரேயடியாகப் போய்விடுகிறது. பதிலுக்கு இரண்டு கட்ட அறுவையும் தொற்று பயமும் வருகின்றன.

எம்இபியில் சொல்ல அதிகமில்லை. மண்டைக்கு மேல் தூண்டும் திருகு எலெக்ட்ரோடு, பர் ஹோலும் (லீடுக்காக மண்டையோட்டில் போடும் துளை) ஃபிரேம் ஊசியும் இருக்கும் இடத்துக்கே போட்டி போடும். தூண்டினால் உடம்பு குலுங்கும், தாடை கடித்து நாக்கு கிழியும். இரு பக்கக் கடைவாயிலும் சுருட்டிய காஸ் துணி வைக்காமல் ஒரு தடவைகூடச் செய்யக் கூடாது. மூளைக்குள் மைக்ரோ எலெக்ட்ரோடோ லீடோ இருக்கும்போது மண்டைக்கு மேல் நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுப்பதைத் தவிர்ப்பதே புத்தி. தொடக்கத்தில் ஒன்று, தையல் போடும்போது ஒன்று, அவ்வளவு போதும். 5-க்கு 2.

ஃபிளாஷ் விஇபிக்கு 1. ஜிபிஐக்குக் கீழே 2, 3 மி.மீ. தூரத்தில் பார்வை நரம்புப் பட்டை ஓடுவதால் யோசனை தர்க்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் புரோபோஃபாலில் அந்த அலை பதிவுக்குப் பதிவு மாறும், வராமல் போவதற்கும் பட்டை தொடப்பட்டதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒளிப்பொறி தெரிகிறதா என்று தூங்கும் பிள்ளையிடம் கேட்கவும் முடியாது. எம்ஆர்ஐ படத்தில் பட்டையைக் குறித்து ஆழத்தை அங்கேயே நிறுத்துவதுதான் வழி.

ஒப்பந்தம் போடும்போது

மேசைப் பக்கம் ஒரு டெக்னாலஜிஸ்ட், அதே அறையில் முடிவு சொல்லும் நரம்பு உடலியங்கியல் டாக்டர் ஒருவர் என்று எழுத்தில் கேளுங்கள். முதுகுத்தண்டு அறுவையில் தொலைவிலிருந்து திரை பார்ப்பவர் ஓரளவு சமாளிப்பார். லீடு நகர்த்தலைப் பேசும் இடத்தில் "இப்போது எந்தக் கான்டாக்ட், யார் தொட்டார்கள், மயக்கம் மாறியதா" என்று அறையில் இருப்பவருக்குத்தான் தெரியும். சேனல் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொன்னால் கவனிக்க வேண்டாம். எட்டு சேனலைச் சுத்தமாகப் பதியும் பழைய பெட்டி, முப்பத்திரண்டில் இரைச்சல் பதியும் புதிய பெட்டியை விட மேல்.

அறிக்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். "கண்காணிப்பு நடந்தது, சிக்கல் இல்லை" என்ற ஒரு பக்கக் கடிதம் யாருக்கும் உதவாது. ஒவ்வொரு பக்க லீடுக்கும் ஒவ்வொரு கான்டாக்டுக்கும் ஒரு வரி வேண்டும்: துடிப்பு அகலம், அதிர்வெண், நேர்முனை எங்கே, முதலில் துடித்த தசை எது, எத்தனை மில்லிஆம்பியரில், அப்போது புரோபோஃபால் எந்த வேகத்தில் ஓடியது. கூடவே மூல அலைப்பதிவுக் கோப்பும். சில வாரம் கழித்துப் பேட்டரியைத் தட்டி எழுப்பும் டாக்டர் இந்த அட்டவணையை வைத்துத்தான் எந்தக் கான்டாக்டில் தொடங்குவது, எங்கே மேல்வரம்பு போட்டுப் பூட்டுவது என்று முடிவு செய்வார். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, முகம் இழுக்கும்வரை கூட்டிப் பார்த்து வரம்பு கண்டுபிடிக்கும் வேலை பாதியாகக் குறையும். அட்டவணை தர மறுக்கும் குழுவை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குழந்தை கேசுக்குக் கூப்பிட வேண்டாம்.